ஒட்டிய வயிறு

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் கடக்கும்போதெல்லாம் ஆய்வு அறையின் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஜெபீனாவின் கை மட்டும் அசையவில்லை. நுண்ணோக்கியின் வெள்ளை வெளிச்சத்தில், மூக்கு நீண்ட அந்துப்பூச்சி ஒன்று சிறகு விரித்துக் கிடக்கிறது. கல்வராயன் மலையில் விளக்கு கட்டி, கொசுக்கடியில் விழித்திருந்து அவள் பிடித்த பூச்சி. அதைப் புதிய பேரினம் என்று தன் பெயரில் மட்டும் அறிவித்துக்கொண்ட அவளுடைய பழைய பேராசிரியர் தணிகாசலம், மறுபரிசோதனைக்கு அதை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவள் ஒரு சொட்டு வெந்நீர் விடுகிறாள். வயிறு மெல்லக் கழன்று மிதக்கிறது. கழன்ற இடத்தில் மஞ்சள் பசை மினுங்குகிறது. உடைந்த வயிற்றைப் பசை வைத்து ஒட்டுவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் இந்த வயிறு கரும்பைத் துளைக்கும் சாதாரணப் பூச்சியுடையது. இந்த வயிற்றின் அமைப்பை நம்பித்தான் அந்தப் புதிய பேரினமே நிற்கிறது.

"இன்னா சார் இது? தலை ஒண்ணோடது, வயிறு வேற ஒண்ணோடது."

அவர் குனிந்து பார்க்கிறார். காது மடல் சிவக்கிறது.

"ஒட்டும்போது மாறிப்போச்சும்மா. திருத்தத்த ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதிடலாம். உன் பேரயே மொதல்ல போட்டுக்கலாம்."

ஜெபீனா இடுக்கியை நிதானமாகத் துடைத்து வைக்கிறாள்.

"வாணாம் சார். அன்னைக்கு மாதிரியே உங்க பேரு மட்டும் இருக்கட்டும்."