கோடையிலும் வற்றாத மடு

"ஆத்துத் தண்ணிய யாரோ லாரி வெச்சு உறிஞ்சறா சார். நீங்க செக்ரெட்டரி, போலீஸ்ல சொல்லக் கூடாதா?"

காபியை நீட்டிக்கொண்டே கேட்டாள் காமு. ஷாகுல் அந்த முடிச்சூர் அடுக்ககத்துக்கு அண்மையில்தான் குடிவந்திருந்தார். வேறு யாரும் முன்வராததால் செயலாளர் பதவி அவர் தலையில் விழுந்திருந்தது.

பால்கனியில், சக்கர நாற்காலியில், அவள் கணவர் ஸ்ரீரங்கன் கீழே அடையாற்றைப் பார்த்தபடி இருந்தார். தை மாதம் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு இல்லை. கொக்கோ நாரையோ வந்து இறங்கினால் இடது கையில் ஒரு விரல் மட்டும் எழும்பும்.

"அந்தப் பறவைகள்தான் இவருக்கு மருந்துன்னு டாக்டரே சொல்லிட்டார். நேத்து முழுக்க விரலே எழும்பலை. மடு வத்திண்டே போறது. போன கோடையில தளும்பிண்டு நின்னுதே?"

ஷாகுல் எட்டிப் பார்த்தார். சேறு வெடித்துக் கிடந்தது. நடுவில் பாய் விரித்த அகலத்துக்குத் தண்ணீர்.

"லாரி கீரி எல்லாம் இல்ல மாமி. மழை முடிஞ்சா இங்க ஆத்துல ஏது தண்ணி? அது நம்ம பிளாட்டுங்க தண்ணி."

"புரியலையே."

"பின்னாடி பூட்டிக் கெடக்கே, கழிவுநீர் பிளான்ட்? நம்ம பாத்ரூம் தண்ணியெல்லாம் அதுல சுத்தமாகி இந்த மடுவுலதான் விழுந்துச்சு. மீனு, நத்தை, கொக்கு எல்லாம் அத நம்பித்தான். இப்ப பாதாள சாக்கடையில எங்கியோ போவுது."

"சாக்கடைத் தண்ணியா சார்?"

"கண்ணாடி மாதிரி இருந்துச்சு. டெஸ்ட் ரிப்போர்ட் நானே பார்த்தேன்."

"அப்போ மறுபடியும் திறந்துடுங்கோளேன்."

"எங்க திறக்கறது? கோர்ட் ஆர்டர். ஆத்தைக் காப்பாத்தறேன்னு நம்ம பிளாட்லயே ஒரு மகராசன் வருஷக்கணக்கா கேஸ் நடத்தி, கார்த்திகையில மூட வெச்சுட்டாரு. பேரைக் கேட்டா பழைய கமிட்டியில ஒருத்தரும் வாயத் திறக்கல. பேஜார் புடிச்ச ஆளு! யாருன்னு மட்டும் தெரியட்டும் மாமி. கையப் புடிச்சுக் கூட்டியாந்து, உங்க பால்கனியில உக்கார வெச்சு, 'பாருய்யா, நீ காப்பாத்துன லட்சணத்த'ன்னு காட்டறேன்."

காபியில் ஏடு படிந்தது.

காமு எழுந்துபோய் பால்கனியின் கண்ணாடிக் கதவை ஓசைப்படாமல் இழுத்துச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்கோ சார். நீங்க கூட்டிண்டு வர வேண்டாம். அவர் அங்கதான் உக்காந்துண்டிருக்கார், தான் ஜெயிச்சதாலதான் பறவையெல்லாம் வர்றதுன்னு நம்பிண்டு."