இனிமேல் மாற்றல் இல்லை

பெங்களூர் மல்லேசுவரத்தில் ஜகதாம்பாளின் எதிர்வீட்டுக்கு ஸ்ரீகண்டன் மனைவியோடு குடிவந்தது முந்தின நாள் மாலைதான். தாலுகா கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் அவள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

“உள்ளே வாங்கோ மாமா. காபி கலக்கறேன்.”

“வேண்டாம்மா. இங்கேயே நிக்கறேன்.”

“புது வீடு மாமிக்குப் பிடிச்சுதா?”

“ரொம்பப் பிடிச்சுது. முப்பது வருஷத்துல பதினோரு ஊர். இனிமே மாத்தல் கிடையாதுன்னு நேத்திக்கே ஆணியடிச்சு சுவாமி படமெல்லாம் மாட்டிட்டா.”

“வெள்ளிக்கிழமை அனுப்புங்கோ. வெத்தலை பாக்கு தரேன்.”

அவர் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். “உங்காத்துல ஆம்பளைகள் எத்தனை பேர்?” என்றார்.

“இவரும் இவர் தம்பியும்.”

“பக்கத்தாத்துல?”

“அப்பாவும் பிள்ளையுமா ரெண்டு பேர். எதுக்குக் கேக்கறேள்?”

அவர் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார். அட்டாரா கச்சேரி சர்க்கார் ஆபீசுக்குக் கிளம்பிய ஜகதாம்பாளின் கணவர் விசுவநாதன், தலைப்பாகையோடு வெளியே வந்து சிரித்தார்.

“ரிடையர் ஆகியும் ஜனக்கணக்கு விடலையா ஸார்?”

“நீங்க இன்னிக்கு லீவு போட முடியுமா?”

“எதுக்கு?”

“நாலு பேர் வேணும். எனக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாது. விடியக்காலம் பால்காரன் வந்து கூப்பிட்டான். அவ எழுந்திருக்கலை. நான் உள்ளே வரப்படாது, அதான் இங்கேயே நின்னேன்.”

விசுவநாதன் தலைப்பாகையைக் கழற்றினார். மாமியின் பேரைக்கூட அவர்கள் இன்னும் கேட்டிருக்கவில்லை.