தெமிர்கான் தையல்

“அவர் பேரைச் சொல்லித் தொலையேண்டி. உன் நாக்குக்கும் தையல் போட்டுட்டாங்களா?”

கம்ஷாத் கேட்க, மோல்தீர் வெள்ளைக் கோட்டின் பித்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றாள்.

கரகண்டா நகர மருத்துவ மாணவர்களின் அறுவை சிகிச்சைச் சங்கத்துக்கு அன்றுதான் திருவிழா. உள்ளே அரங்கத்தில் மேசைக்கு மேசை ஆட்டுக்குடலும் ஊசியும் நூலும் காத்திருந்தன. ஜோடியில் ஒருத்தர் அறுந்த குடலைத் தைக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. இன்னொருத்தர் அதை நடுவர்களுக்கு விளக்க வேண்டும். ஜெயிக்கும் ஜோடிக்கு இஸ்தான்புல் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு மாதப் பயிற்சி. அதை நினைத்து நினைத்தே கம்ஷாத்துக்குத் தூக்கம் போயிற்று. ஹாஸ்டல் சமையலறையில் அவள் தைக்காத குடல் இல்லை. அறைத்தோழிகள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் டீ குடித்தார்கள்.

தலைமை நடுவர், பேராசிரியர் தெமிர்கான். அவர் கண்டுபிடித்த தையலுக்கு அவர் பெயர்தான். பெயரை விட்டுவிட்டு அந்தத் தையலை விளக்கினால் மனிதருக்கு முகம் கறுத்துவிடும் என்பது முதல் வருட மாணவனுக்குக்கூடத் தெரியும்.

“ஒத்திகையில ஒரு தடவையாவது சொன்னியா? உள்மடிப்புத் தையல்ங்கற, ரெட்டை வரித் தையல்ங்கற. நீயா பேர் வைக்கற. தெமிர்கான் தையல். ரெண்டே வார்த்தை. எங்க சொல்லு.”

“சொல்லாட்டா தையல் பிரிஞ்சுடுமா?”

“நம்ம இஸ்தான்புல் கைவிட்டுப் போயிடும். போன மாசம் லேட்டா வந்தேன்னு உன்னை வெளியே நிறுத்தினாரே, அந்தக் கோபமா?”

“சேச்சே. அவர் மேல எனக்கு என்ன கோபம்?”

“அப்ப நீ தை. நான் பேசறேன்.”

மோல்தீர் சிரித்துவிட்டாள். “நீ பேசினா நடுவருங்களுக்கு வெறும் காத்துதாண்டி கேக்கும்.”

அதுவும் உண்மைதான். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் கம்ஷாத்துக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஊசியைக் கையில் கொடுத்தால்தான் அவளுக்கு உயிர் வரும். மோல்தீரோ மைக்கைப் பிடித்தால் பிடுங்கித்தான் வாங்க வேண்டும். இப்படிப்பட்ட வாயாடி இரண்டு வார்த்தைக்கு அடம்பிடித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அதற்குள் அவர்கள் ஜோடியை அழைத்துவிட்டார்கள்.

கம்ஷாத்தின் விரல்கள் அன்று அப்படி ஓடின. மோல்தீர் பேசப் பேச, அந்தப் பேச்சுக்கு ஊசி தாளம் போட்டது. எங்கே குத்துகிறோம், ஏன் அங்கே குத்துகிறோம், ஓரம் உள்ளே மடியாவிட்டால் நோயாளி என்ன பாடுபடுவான் என்று மோல்தீர் சொன்னபோது பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். தைத்த குடலில் தண்ணீர் ஏற்றினார்கள். ஒரு சொட்டு கசியவில்லை. கைதட்டல் கூரையைப் பிளந்தது. கம்ஷாத்துக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

மற்ற இரண்டு நடுவர்களும் முழு மார்க் போட்டுப் பேனாவை மூடிவிட்டார்கள். மிச்சம் தெமிர்கான் மட்டும்தான்.

“நல்லா சொன்னே. இந்தத் தையலுக்குப் பேர் என்னம்மா?” என்றார் அவர்.

கம்ஷாத் மேசைக்கு அடியில் மோல்தீரின் காலை மிதித்தாள்.

“ரெண்டு ஓரத்தையும் உள்ளே மடிச்சு...”

“எப்படிப் போடறதுன்னு கேக்கலை. பேரைக் கேட்டேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடு.”

“தெரியும் அகாய்.”

“ஆசிரியர்னு மரியாதையா கூப்பிடற இல்ல, அதே மரியாதையோட பேரையும் சொல்லு.”

“நான் சொல்லக் கூடாது.”

இந்த மனிதரிடம் இப்படி யாரும் பேசியதில்லை. கம்ஷாத் மோல்தீரை முறைத்தாள். இத்தனை குடல் தைத்தது இவளுடைய திமிருக்குப் பலியாகவா? முகக்கவசத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தானே அந்தப் பெயரைக் கத்திவிடலாமா என்றுகூட நினைத்தாள். கத்தினால் ஜோடியையே வெளியேற்றிவிடுவார்கள்.

தெமிர்கான் கண்ணாடியைக் கழற்றினார். “எந்த ஊர் நீ?”

“கிசிலோர்தா பக்கம், கிராமம்.”

“ம். அங்கெல்லாம் பழக்கவழக்கத்தை இன்னும் விடலை.”

மோல்தீர் முழங்காலில் கை வைத்து, தலையைத் தாழ்த்தி, மெல்லக் குனிந்து நிமிர்ந்தாள். காலம் கடந்து மன்னிப்புக் கேட்கிறாள் என்று கம்ஷாத் நினைத்தாள். இனி கேட்டு என்ன பிரயோஜனம்?

தெமிர்கான் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகம் கறுக்கவில்லை. சிவந்தது. மார்க் போடாமலே தாளைப் பக்கத்து நடுவரிடம் தள்ளினார்.

“நீங்க ரெண்டு பேர் போட்டதே போதும், நான் போட்டா மாமனாரே மருமகளை இஸ்தான்புல் அனுப்பிட்டார்னு ஊர் பேசும்,” என்றவர், மோல்தீர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “மாமனார் பேரைச் சொல்லாம இப்படிக் குனிஞ்சு வணங்கறது மருமகதான், எனக்கு இருக்கறது ஒரே பையன், கல்யாணம் பண்ணிக்கிட்டதை அந்தப் பய எங்ககிட்ட மூச்சு விடலை, சாயங்காலம் அவனையும் இழுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்து சேரும்மா.”