கட்டில்கால் மணி

கிணிங் கிணிங் என்று சைக்கிள் மணி காதருகில் அலறியதும் ஞானையன் ஆசான் துள்ளிச் சுவரோரம் ஒதுங்கினார். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள அந்தச் சந்தில் ஒரு சைக்கிள் வந்தால் மனுஷன் சுவரோடு ஒட்டிக்கொள்ளத்தான் வேண்டும். திரும்பிப் பார்த்தார். சந்தில் சைக்கிளும் இல்லை, ஆளும் இல்லை.

மணி மறுபடியும் அடித்தது. சத்தம் தளவாயின் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

“பயந்துட்டியளா ஆசானே?” என்று தளவாயின் மனைவி நாச்சியார் வாசலுக்கு வந்தாள். “அவுகதான் கூப்பிடுதாவ. ஒடஞ்ச சைக்கிள்ல மிஞ்சினது அந்த மணி மட்டுந்தான். கட்டில்கால்ல மாட்டித் தரச் சொன்னாவ. தண்ணிக்கு ஒரு அடி, சோத்துக்கு ரெண்டு.”

“கொள்ளாம். கலெக்டரே தோத்துப் போவாரு,” என்றான் ஆசானின் உதவியாள் சத்தியநேசன். ஆள் கதவு அளவுக்கு இருந்தான்.

மழை விட்டு, சந்தெல்லாம் சேறு. இருவர் காலிலும் அப்பியிருந்த செம்மண்ணுக்கு நாச்சியார் செம்பில் தண்ணீர் ஊற்றினாள்.

தளவாய் ஹோட்டல்களுக்கு வாழையிலை போடுகிறவன். இலைக்கட்டோடு ஓவர்பிரிட்ஜ் இறக்கத்தில் வரும்போது பிரேக் அறுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டவர் ஞானையன் ஆசான். கோடையில் கட்டிய கால், வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை பிடித்த பிறகும் தரையில் ஊன்றவில்லை. நாச்சியார் ஆசானின் ஊரான நெய்யாற்றின்கரைக்கு இரண்டு தரம் வந்து அழைத்துவிட்டுப் போனாள்.

தாம் கட்டிய எலும்பை ஆசான் மறுபடி தொட்டதே கிடையாது. இந்த ஒரு கால் நொண்டினால் போதும், சாலைக் கடைத்தெருவில் ஒருவன் அவரைக் கூப்பிட மாட்டான். எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள்.

“காலக் காட்டு,” என்று கட்டிலருகே உட்கார்ந்தார்.

“இருங்க, துடைச்சு விடுதேன்.” நாச்சியார் ஈரத்துணியால் கணவனின் இரண்டு உள்ளங்காலையும் அழுத்தித் துடைத்தாள். துணி சிவந்து வந்தது. தமது தைலத்தின் கறை என்று ஆசான் நினைத்துக்கொண்டார்.

விரல்களால் எலும்பை நீவினார். மேடு பள்ளம் இல்லை. லேசாக அழுத்தினார்.

“ஐயோ, உசுரு போவுதே!” என்று தளவாய் கத்தினான். சத்தியநேசன் தாங்கி நிறுத்திப் பார்த்தான். அறுந்த கொடி மாதிரி தளவாய் கட்டிலில் சரிந்தான்.

“நெசமாவே நிக்க முடியல்லியா?”

“செத்துப்போன எங்க அத்தை மேல சத்தியம், ஆசானே.”

துணியைப் பிழிந்துகொண்டிருந்த நாச்சியாரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் இறுக்கிப் பிழிந்தது.

ஒடித்துக் கட்டப்போவதை ஆசான் நோயாளியிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால் சதை இறுகிவிடும். வீட்டாரிடம் மட்டும் அடுக்களையில் வைத்துச் சொல்வார்.

“எனக்க கைக்கு எலும்பு நேராத்தான் தெரியுது, பிள்ளே. பின்னே அவன் நிக்க மாட்டேங்கான்னா, உள்ளே எங்கேயோ தப்பாக் கூடியிருக்கு. ஒடிச்சுத்தான் திரும்பக் கெட்டணும். முதல்லேர்ந்து கிடக்கணும். யோசிச்சுச் சொல்லு. ஒருக்காவது நடந்து நீ பாத்தியா?”

“நான் வீட்டுல இருக்கும்போ ஒரு எட்டு வச்சதில்ல, ஆசானே.”

“நீ பகலெல்லாம் பழவங்காடியில மாவாட்டப் போற. ராத்திரி இவனுக்கு ஊழியம். கஷ்டந்தான்.” ஆசான் தலையை ஆட்டினார். “ஒனக்க அம்மைக்க காரியம் அறிஞ்சேன். முகம் பாக்கப் போகல்லியாமே?”

“அம்பாசமுத்திரம் பஸ்ஸுக்குக் கெளம்பி வாசல்ல எறங்கினேன். மணி அடிச்சாவ. நீ போயிட்டா எனக்குத் தண்ணி தர ஆளு யாருன்னு அழுதாவ. திரும்பிட்டேன். பொறவு மத்தியானம் மாவாட்டப் போனேன்.”

ஆசான் தைலத்தை அடுப்பில் ஏற்றினார். வலியில் நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு துணி வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் கையில் ஏற்கெனவே ஒரு பழைய துண்டு சுருட்டித் தயாராக இருந்தது.

சுடச்சுடத் தைலம் பூசியபோது தளவாய் சொகுசாகக் கண்ணை மூடிக் கிடந்தான். காலுக்கடியில் மரக்கட்டையை வைத்ததும் கண்ணைத் திறந்தான். வாயைத் திறப்பதற்குள் நாச்சியார் துண்டைத் திணித்து, பின்னந்தலையில் முடிச்சும் போட்டுவிட்டாள்.

தளவாய் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். விழி பிதுங்கியது. இரண்டு காலையும் உதறி எழப் பார்த்தான். சத்தியநேசன் அவன் தொடையில் ஏறி உட்கார்ந்தான்.

“எல்லாரும் இப்படித்தான். கொஞ்சம் பொறு, மக்கா,” என்றார் ஆசான்.

பச்சை விறகு முறிகிற சத்தம் கேட்டது. துண்டுக்குள்ளிருந்து வந்த ஊளை பாதியிலேயே நின்றது. தளவாய் மயங்கிவிட்டான்.

மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டி முடித்தபோது ஆசானின் முகத்தில் தெளிவில்லை. தப்பாகக் கூடிய எலும்பு சுலபமாக விட்டுக்கொடுக்கும். இதை முறிக்க அவர் முழுப் பலத்தையும் போட வேண்டியிருந்தது.

நாச்சியார் கட்டில்காலருகே குத்துக்காலிட்டு, மணியின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“அத எதுக்குக் கழட்டுத, பிள்ளே? இனியல்லவா அவனுக்கு வேணும்?” என்ற ஆசான், கட்டுப் போட்ட காலையே பார்த்தார். “இந்த எலும்புக்கு என்ன கேடுன்னுதான் எனக்கு இன்னும் பிடி கிட்டல்ல.”

அவள் மணியை முந்தானையில் துடைத்துப் பரண்மேல் எட்டி வைத்தாள்.

“கேடு ஒண்ணுமில்ல ஆசானே, எங்கம்மை செத்த அன்னைக்கு மேட்னி பாக்க நடந்து போன காலு அது.”