பேச்சுத் துணை

நாலாம் நாளும் பூனையின் கத்தல் மதில் தாண்டி வரவே, பைரவி தும்புத்தடியோடு யோகாம்பாள் வீட்டுக்குள் நுழைந்தாள். மடத்துவெளியில் அடுத்த வீட்டு விஷயம் அறியாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"எங்கையக்கா அந்தப் பூனை? கலைச்சுவிடுறன்."

"ஏலாது பிள்ளை. நான் வாய் மூடினால் அது கத்தும். காலமையிலயிருந்து கதைச்சுத் தொண்டை வறண்டுபோச்சு. இன்னும் சாப்பிடேல்லை."

பைரவி குசினி, கட்டிலடி எல்லாம் தேடினாள். பூனை மயிர்கூட இல்லை.

யோகாம்பாள் களைப்போடு கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். திரையில் ஒரு பூனை. "சுவிசில மகளின்ர பிளாட். அவள் வேலைக்குப் போனால் இது கத்துது. அக்கம்பக்கத்தாரிட்டயிருந்து இன்னொருக்கா முறைப்பாடு வந்தால் பிளாட்டை விட்டு அவளையும் எழுப்பிப்போடுவாங்களாம்."

பைரவி கதிரையை இழுத்துப் போட்டாள். "நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ. நான் கதைக்கிறன்."

பொழுதுபடும்வரை பூனை கத்தவில்லை. வாய் திறக்க அதற்கு இடம் கிடைத்தால்தானே!