சர்க்கரை போடாத பால்

எங்கள் கிழட்டு ஹாக்கி அணியில் பனித் தரையில் விழாத ஆளே கிடையாது. அன்று விழுந்தது வெண்டலின் முன்பல். அடித்த ரப்பர் வட்டு என்னுடையது.

“வேரைத் தொடாதடா! மேல்பக்கமாப் பிடிச்சுத் தூக்கு. பால்ல போடு!” என்று வாயில் துணியை அழுத்தியபடி கத்தினான்.

கேன்டீன் ஓல்கா காபிக்கு வைத்திருந்த பாலை ஒரு கோப்பையில் ஊற்றினாள். “சர்க்கரை போடவா?”

“பல்லுக்கா?” என்று அலறினான் வெண்டல்.

வெளியே பனிப்புயல். என் வண்டி ஊர்ந்தது.

“சீக்கிரம் ஓட்டுடா! ஒரு மணி நேரம் தாண்டினா பல்லு செத்துரும்.”

“ரோட்டுல மூஸ் மான் நிக்குது. நீயே இறங்கிச் சொல்லு.”

அவன் கண்ணாடியை இறக்கித் திட்டினான். மூஸுக்கும் மேல்வரிசையில் முன்பல் கிடையாது. சொந்தக்காரன் என்று நினைத்ததோ என்னவோ, மரியாதையாக வழிவிட்டது.

ஊரின் ஒரே பல் மருத்துவமனை பூட்டிக் கிடந்தது. வெண்டல் தன் கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தான். விளக்கைப் போட்டான். இத்தனை வருடமாக நான் படுத்து அலறிய நாற்காலியில் போய்ச் சாய்ந்தான்.

“என் பல்லை நானே வைக்க முடியாதுடா. நீதான் வைக்கணும்.”

“நான் டிராக்டர் மெக்கானிக்டா!”

“நான் சொல்றபடி செய். ஆனா... ரொம்ப வலிக்குமா?”

கையைக் கழுவி, அவனுடைய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டேன். அவன் என்னிடம் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்.

“சும்மா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், டாக்டர்.”