ஒட்டாமல் நிற்கும் புள்ளி

வெளியே கோயம்புத்தூர் மத்தியான வெயிலில் காய்கிறது. ஆய்வகத்தின் இருட்டறையில் நுண்ணோக்கியின் திரைமுன் இல்மா இமைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் ஒரு பூஞ்சைச் செல் இரண்டாகப் பிரியக் காத்திருக்கிறது. பச்சை இழைகள் நீண்டு, சிவப்புப் புள்ளிகளாய்த் தெரியும் குரோமோசோம்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டன. ஒன்று மட்டும் ஓரத்தில் தள்ளாடுகிறது. அதுவும் இழையில் ஒட்டாமல் செல் பிரியாது. இப்படிக் கடைசிப் புள்ளியை இழை பிடிக்கும் கணத்தைத்தான் மாதக்கணக்கில் தவறவிட்டுக்கொண்டிருக்கிறாள். நுண்ணோக்கியின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் சிவப்பு வெளுத்துப்போகும்; விட்டுவிட்டுத்தான் பார்க்க முடியும். பல்லைக் கடித்துக்கொண்டு அணைக்கிறாள். “ஏனுங்க இல்மா, ஒட்டிக்கிச்சுங்களா?” நுண்ணோக்கியில் தன் முறைக்காகக் கதவருகில் நிற்கும் பொற்கொடி கேட்கிறாள். “இன்னுமில்லீங்க. கொஞ்சம் இருங்க.” “இதையேதானுங்க காத்தாலருந்து சொல்றீங்க.” இல்மா விளக்கைப் போடுகிறாள். புள்ளி அதே இடத்தில் ஆடுகிறது. அணைக்கிறாள். குளிர்சாதனம் உறுமுகிறது. போடுகிறாள். அதே இடம்தான், நிறம் மட்டும் இன்னும் கொஞ்சம் மங்கியிருக்கிறது. மறுபடி அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு போடுகிறாள். ஓரம் காலியாக இருக்கிறது. மற்றவற்றோடு வரிசையில், பச்சை இழையைப் பற்றிக்கொண்டு, எப்போதும் அங்கேயே இருந்ததுபோலச் சமர்த்தாக நிற்கிறது அந்தப் புள்ளி. “வெளக்க அணைச்சிருந்தப்ப ஒட்டிக்கிச்சுங்க,” என்கிறாள் இல்மா, நாற்காலியை விட்டு எழாமல்.